திருகோணமலை 1981–2012: வளர்ச்சி வீதம் 1.56ஆ, 1.27ஆ?

உவர்மலை
சமூகவியல் ஒப்படைக்குத் திருகோணமலை மாவட்டத்தின் குடித்தொகை மாற்றத்தை எடுத்திருக்கிறேன். 1981 தொகைமதிப்பில் 255,948 பேர், 2012இல் 379,541 பேர். கூடியது 123,593, அதாவது 48.3 வீதம். 31 ஆண்டால் பிரித்தால் வருடத்துக்கு 1.56 வீதம். கூடப் படிக்கிற ஒருவர் 1.27 என்கிறார். எது சரி? இந்தக் கூடுதல் பிறப்பால் வந்ததா, குடியேற்றத்தால் வந்ததா என்று எப்படிப் பிரிக்கிறது? 2001 கணக்கு ஏன் இல்லை?

கொட்டியாரக்குடா
1.27தான். உங்கள் கணக்கு 31 வருடமும் அந்த 255,948 பேரையே அடியாக வைத்திருக்கிறது. 1982இல் பிறந்த பிள்ளை 2005இல் தானே தாயாகிறாள். சனம் பெருகுவது கூட்டு வட்டி மாதிரி. 255,948ஐ வருடம் 1.56 வீதப்படி கூட்டு வட்டியில் 31 தரம் ஏற்றிப் பாருங்கோ, 413,000ஐத் தாண்டும். உண்மையில் இருந்ததோ 379,541.

செய்முறை இது: 379,541 ÷ 255,948 = 1.4829. அதன் இயற்கை மடக்கை 0.394. அதை 31ஆல் பிரித்து 100ஆல் பெருக்கினால் 1.27. கல்குலேற்றரில் ‘எல்என்’ பொத்தானை அழுத்த வேணும். ‘லொக்’ பத்தை அடியாகக் கொண்டது, அதை அழுத்தினால் 0.55 வரும். இரண்டு தொகைமதிப்பும் மார்ச்சில் நடந்ததால் 31ஐ அப்படியே போடலாம். 70ஐ 1.27ஆல் பிரித்தால் இரட்டிக்கும் காலம், ஏறத்தாழ 55 ஆண்டு.

1991இல் தொகைமதிப்பே நடக்கவில்லை. 2001இல் 18 மாவட்டங்களில்தான் முழுமையாக முடிந்தது, போரால் திருகோணமலை அதில் சேரவில்லை. ஆக உங்கள் 31 வருடத்துக்குள் 1990 இடப்பெயர்வு, 2004 சுனாமி, 2006 மூதூர்–சம்பூர் இடப்பெயர்வு எல்லாம் அடங்கிப்போய்க் கிடக்கு. 1.27 வெறும் சராசரி. “வருடாவருடம் 1.27 வீதம் கூடியது” என்று மட்டும் எழுதிவிடாதீங்கோ.

தம்பலகாமத்து வயல்
இரண்டாவது கேள்விக்கு அடிப்படைச் சமன்பாடு போதும்: பிந்திய தொகை = முந்திய தொகை + (பிறப்பு − இறப்பு) + (உட்பெயர்வு − வெளிப்பெயர்வு). முதல் அடைப்பு இயற்கை அதிகரிப்பு, இரண்டாவது நிகர இடப்பெயர்வு.

கற்பனையாக ஒரு கிராம சேவகர் பிரிவை எடுப்போம். நடுவாண்டுத் தொகை 4,000, பிறப்பு 72, இறப்பு 24. பருமட்டான (வயது பிரிக்காமல் மொத்தத் தொகைக்குப் போடும்) பிறப்பு வீதம் ஆயிரத்துக்கு 18, இறப்பு வீதம் 6, இயற்கை அதிகரிப்பு 12. இந்த 12 ஆயிரத்துக்கு, நூற்றுக்கு அல்ல. நூற்றுக்கு என்று சொன்னால் 1.2. பெரும்பாலும் பிழைக்கிறது இந்த இடத்தில்தான். இயற்கையாக 48 பேர் கூடியிருக்க வேணும். ஆனால் அந்த வருடம் கூடியது 28 பேர் என்றால் நிகர இடப்பெயர்வு −20, ஆயிரத்துக்கு −5.

பிறப்பு எங்கே பதிவாகிறது என்றும் பார்க்க வேணும். பிள்ளை பிறந்த இடத்துப் பதிவாளரிடம்தான் பதிவு. வெருகலில் இருக்கிற தாய் திருகோணமலைப் பெரியாஸ்பத்திரியில் பெற்றால் பிறப்பு, ஆஸ்பத்திரி இருக்கிற ‘பட்டினமும் சூழலும்’ என்ற பிரதேச செயலகப் பிரிவில் விழும், தாயோ வெருகலின் தொகையில் இருப்பாள். பிரதேச செயலக மட்டத்தில் பிறப்பு வீதம் போடுகிறவர்கள் தாயின் வதிவிடப்படி பிரித்த அட்டவணையைத் தேட வேணும், இல்லாவிட்டால் பட்டணத்து வீதம் வீங்கித்தான் தெரியும்.

இறப்பு வீதத்தை வைத்து சுகாதாரத்தை ஒப்பிடவும் கூடாது. ஜப்பானின் பருமட்டான இறப்பு வீதம் இலங்கையை விடக் கூட, ஆனால் ஆயுளும் அங்கேதான் கூட. முதியோர் பங்கு கூடினால் அந்த வீதம் ஏறும். சுகாதாரத்துக்குச் சிசு மரண வீதத்தை எடுங்கோ: ஒரு வயதுக்குள் நடந்த இறப்பு, ஆயிரம் உயிர்ப்பிறப்புக்கு. அங்கே பகுதியில் (பின்னத்தின் கீழே) வருவது பிறப்பு, குடித்தொகை அல்ல.

உவர்மலை
நன்றி. ஆனால் 31 வருடத்துப் பிறப்பு, இறப்புப் பதிவுகள் முழுதாகக் கிடைக்காதே. போர்க்காலப் பதிவை எப்படி நம்புவது?

கொட்டியாரக்குடா
அதுக்குத்தான் வயதுக் கூட்டத்தைப் பின்தொடர்கிற முறை இருக்கு. 1981இல் 10–14 வயதில் இருந்தவர்களை எடுத்து, வாழ்க்கை அட்டவணையின் (வயதுவாரியாக எத்தனை பேர் உயிரோடு மிஞ்சுவார்கள் என்று காட்டுவது) உயிர்தப்பும் விகிதத்தால் பெருக்கினால் 2012இல் எத்தனை பேர் மிஞ்சியிருக்க வேணும் என்று வரும். எண்ணப்பட்டது அதை விடக் குறைவென்றால் வெளியேற்றம் கூட.

உங்களுக்கு ஒரு சிக்கல் வரும். இடைவெளி 31 ஆண்டு, 30 அல்ல. 10–14 பேர் 2012இல் 41–45. தொகைமதிப்பின் வயது அட்டவணையில் இருப்பதோ 40–44, 45–49. ஒற்றை வயது அட்டவணை கிடைத்தால் கூட்டி எடுக்கலாம், ஆனால் சனம் வயதைச் சொல்லும்போது 40, 45 என்று உருட்டிச் சொல்லும். 45 வீங்கி, பக்கத்து வயதுகள் மெலிந்திருக்கும்.

தம்பலகாமத்து வயல்
போர்க் காலத்துக்குச் சாதாரண வாழ்க்கை அட்டவணையைப் போட்டால் இளம் ஆண்களில் நடந்த மேலதிக இறப்பு முழுக்க ‘வெளியேற்றம்’ என்ற பெட்டிக்குள் போய்விடும். ஆணையும் பெண்ணையும் தனித்தனியாகக் கணக்கிடுங்கோ. பிறகு 2012 தொகை வழமையான வதிவிடப்படி எடுத்தது, 1981க்கு என்ன வரைவிலக்கணம் என்று அந்த அறிக்கையின் முன்னுரையில் பார்த்து முறையியல் பகுதியில் ஒரு வரி எழுதிவிடுங்கோ.