"ட்ரட்ஜ்" எண்ட ஆங்கில வினைக்கு உருதில என்ன போடலாம்?

வயல்வரம்பு (கிளிநொச்சி):
காலபோக வயல்வேலை பற்றின ஒரு ஆங்கிலக் குறிப்பை உருதுக்கு மாத்தவேணும். அதில ஒரு வசனம்: "தே ட்ரட்ஜ்ட் ஹோம் த்ரூ த மட்." "சல்னா" எண்டால் வெறும் நடக்கிறதுதானே? "டஹல்னா" போட்டால் சரிவருமோ?

முறிகண்டிச்சந்தி:
"டஹல்னா" வேண்டாம். அது சாப்பிட்ட பிறகு காத்து வாங்க நடக்கிற நடை. "சஹல் கத்மீ"யும் அதே இனந்தான். சொல்லுக்குப் பொருள் நாப்பது அடி. முழங்கால் சேத்தை உழக்கிக்கொண்டு வாறவைக்கு அதைப் போட்டால் வாசிக்கிறவை சிரிப்பினம்.

ட்ரட்ஜ் எண்டால் களைச்சு, பாரமான காலோட, மெல்ல மெல்ல, கனதூரமோ கெட்ட வழியோ நடக்கிறது. நொண்டுறது வேற (லிம்ப், உருதில "லங்டானா"), தள்ளாடுறதும் வேற (ஸ்டாகர், "லட்கடானா"). உருதில இதுக்கு நேரான ஒத்தைச் சொல் இல்லை. "சல்னா", "லௌட்னா" (திரும்புறது) மாதிரி ஒரு வினைக்கு முன்னால அடை சேர்க்கவேணும்.

கதைகளில அதிகம் வாறது "போஜல் கத்மோங் ஸே", பாரமான அடிகளோட எண்டு பொருள். ஆனால் அதில மனப்பாரமும் ஒட்டிக்கொண்டு வரும். செத்தவீட்டால திரும்புறவைக்கு நல்லாப் பொருந்தும். "பாவ்ங் கஸீட்தே ஹுவே" எண்டால் காலை இழுத்து இழுத்து. தூக்கி வைக்கேலாத கால், சில இடத்தில காயமும் நினைவுக்கு வரும். உங்கட வசனத்தில இருக்கிறது வேலைக்களைப்பு. அதுக்கு "தகே ஹாரே"தான் என்ர தெரிவு:

"வோ கீசட் மேங் ஸே தகே ஹாரே கர் லௌடே."

சேறு கால் புதையிற அளவெண்டு காட்டவேணுமெண்டால் "கீசட்"டை விட்டுட்டு "தல்தல்" போடலாம். அது சதுப்பு, வயலுக்குக் கொஞ்சம் கூடத்தான்.

வயல்வரம்பு:
நன்றி அண்ணை. அந்தக் குறிப்பில வாறவை களை பிடுங்கப் போன பொம்பிளையள். வசனம் மாறுமோ?

பண்டாரிகுளம்:
மாறும் தங்கச்சி. எல்லாரும் பெண்களெண்டால் "தகீ ஹாரீ கர் லௌடீங்". ஒரு ஆம்பிளை சேர்ந்தாலும் திரும்ப "தகே ஹாரே, லௌடே". "போஜல்" மட்டும் ஆண் பெண் பார்த்து மாறாது. "லௌட்னா" செயப்படுபொருள் எடுக்காத வினை, அதால இறந்தகாலத்தில எழுவாயோட "நே" எண்ட உருபு சேராது. "உன்ஹோங் நே" எண்டு தொடங்கினால் முழு வசனமும் பிழைச்சுப்போகும்.

தமிழெழுத்தைப் பார்த்து உருதில எழுதேக்கை கவனம். எங்கட "க" ஒண்டுதான், இந்தச் சொல்லுகளில அதுக்கு அங்க மூண்டு எழுத்து. "கத்மோங்" மேல ரெண்டு புள்ளி வைச்ச காஃபில தொடங்கும். "கஸீட்னா", "கர்" ரெண்டும் ரெட்டைக்கோடு போட்ட காஃப், அதோட தோசஷ்மீ ஹே (மூச்சொலி காட்டுற, ரெண்டு கண் வைச்ச "ஹ" எழுத்து). "தகே"க்கு ஒத்தைக்கோட்டுக் காஃப். அதில தோசஷ்மீ ஹே முன்னுக்கு நிக்கிற தேயோட ("த" எழுத்து) சேரும். "போஜல்"லில அது ஜீமுக்கு ("ஜ" எழுத்து) பிறகு. "கர்"ரில அதை விட்டால் வீடு "விழு" ஆகத்தான் வாசிக்கப்படும். "லௌடீங்", "மேங்" கடைசியில வாற ங் மூக்கொலி மட்டும். புள்ளி வைக்காத நூன் ("ன" எழுத்து) போடுங்கோ.