கலைச்சொல் வேண்டும்: இனம் கலந்த மலைப்பாம்புக்கு என்ன பெயர்?

குலசேகரம் டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு மலைப்பாம்பு பற்றித் தட்டிகள் எழுதிக்கொண்டிருக்கிறோம். ரப்பர் தோட்டத்தில் பெரும்பாம்பு கிடக்கிறது என்று கேட்டால் ஊரே கூடும் இடம் இது. பிள்ளைகளுக்கு ஆர்வம் அதிகம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாகர்கோவில் அச்சகத்துக்குக் கோப்பு போயாக வேண்டும். ஒரு தட்டி மட்டும் நிற்கிறது. வெளிநாடுகளில் அரிய மலைப்பாம்புகளை வளர்த்துப் பெருக்குகிறவர்கள், இரண்டு இனங்களைச் சேர்க்கலாமா கூடாதா என்று போடும் சண்டையைப் பற்றியது.

அதற்கு மூன்று சொல் வேண்டும். வேறு வேறு இனம் சேர்ந்து பிறந்தது ஒன்று. ஒரே இனத்தின் இரண்டு உள்ளினங்கள் சேர்ந்து பிறந்தது ஒன்று. ஒரே இனத்துக்குள் நிற வகைகளைச் சேர்த்து எடுத்தது இன்னொன்று. கலப்புயிரி, கலப்பினம் என்று பாடத்தில் இருப்பதை வைத்து இந்த மூன்றையும் பிரிக்க முடியவில்லை.

அப்புறம், "பால் பைத்தான்" என்று எழுதியதைப் பார்த்துவிட்டு ஒரு பையன் அது பால் குடிக்குமா என்று கேட்டான். பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் பாம்பு என்பதால் பந்து மலைப்பாம்பு என்று மாற்றிவிட்டேன். அதை யாரும் கிளற வேண்டாம்.

கோட்டாறு பேராசிரியர்:

டீச்சர், கிளறாமல் எப்படி? மலைப்பாம்புக்கு மாசுணம் உண்டு, பாந்தள் உண்டு. மலைபடுகடாத்தில் கூத்தருக்கு வழி சொல்கிறவன், விழுந்து கிடக்கிற மரம் போல மாசுணம் கிடக்கும், பார்த்துப் போங்கள் என்கிறான். காட்டில் நடந்து பார்த்தவன் சொல்லக்கூடிய பேச்சு அது.

சரி, கலப்புக்கு வருகிறேன். பாலில் தண்ணீர் ஊற்றுவதையும் கலப்பு என்கிறோம், அந்தச் சொல்லில் எனக்குப் பிடிப்பில்லை. இலக்கணத்தில் இதற்கு மயக்கம் என்று பெயர் இருக்கிறது. மெய் தன்னோடு தானே கூடினால் உடனிலை மயக்கம், "பக்கம்" போல. வேறு மெய்யோடு கூடினால் வேற்றுநிலை மயக்கம், "நண்பன்" போல. ஆகவே இரண்டு இனம் சேர்ந்தது வேற்றுநிலை மயங்கினம். ஓரினத்துக்குள் சேர்ந்தது உடனிலை மயங்கினம். திணை மயங்குவதைத் தொல்காப்பியர் விலக்கவில்லை, நிலம் மயங்காது என்று மட்டும் சொன்னார். இந்தப் பாம்புச் சண்டையின் இரண்டு கட்சியும் அந்த நூற்பாவிலேயே உட்கார்ந்திருக்கிறது.

கருங்கல் தம்பி, ஜெர்மனியிலிருந்து:

ஐயா, "மயங்கிய மலைப்பாம்பு" என்று தட்டி வைத்தால் ஊசி போட்டுப் படுக்க வைத்திருக்கிறார்கள் என்றுதான் பிள்ளைகள் நினைக்கும்.

இங்கே ஹாம் என்ற ஊரில் பெரிய ஊர்வனச் சந்தை கூடும். வளர்ப்பவர்கள் இலக்கணமெல்லாம் பார்ப்பதில்லை, பெயர்களையே வெட்டித் தைத்துவிடுகிறார்கள். பர்மிய மலைப்பாம்பும் பந்தும் சேர்ந்தால் பர்ம்பால். கம்பள மலைப்பாம்பும் பச்சை மர மலைப்பாம்பும் சேர்ந்தால் கார்ப்பாண்ட்ரோ. பந்தும் அங்கோலா மலைப்பாம்பும் சேர்ந்தால் ஆங்க்ரி பால்.

சண்டை சூடாவது அந்தக் கடைசிப் பெயரில்தான். அங்கோலா மலைப்பாம்பு வளர்ப்பாரிடம் அபூர்வம். அந்த நாட்டில் 1975 முதல் 2002 வரை உள்நாட்டுப் போர், வெளியே வந்த பாம்புகள் கொஞ்சம். கையில் இருக்கும் ஒரு பெட்டையைப் பந்தோடு சேர்த்தால் அந்த வருஷத்து முட்டை அத்தனையும் அரிய இனத்துக்கு நஷ்டம் என்பது ஒரு கட்சி. எப்படியும் இவற்றைக் காட்டில் விடப்போவதில்லை, இன்னதென்று எழுதி விற்றால் யாருக்கு என்ன என்பது மறு கட்சி. சொல்லுக்கு என் யோசனை: ஒட்டு. விதைப் பாக்கெட்டில் வீரிய ஒட்டு ரகம் என்று போடுகிறார்களே.

மார்த்தாண்டம் நர்சரி அண்ணாச்சி:

தம்பி, ஒட்டை இந்த மாவட்டத்தில் விற்க முடியாது. ரப்பர் 105 ரகத்தில் ஒட்டு என்றால் நாற்றின் பட்டையைக் கீறி மொட்டு வைத்துக் கட்டுவது. அடிமரம் ஒன்று, மேல்மரம் ஒன்று, இரண்டும் ஒருநாளும் கலக்காது. தென்னையில்தான் உண்மையான கலப்பு, நெட்டைக்கும் குட்டைக்கும். 1932-இல் நீலேஸ்வரத்தில் முதலில் செய்தார்கள். அதை யாரும் ஒட்டு என்று சொல்லமாட்டார்கள். "நெட்டை குட்டை" என்பார்கள், வேலை முடிந்தது. நீங்களும் "பந்து அங்கோலா" என்று போட்டுவிட்டுப் போங்கள்.

கோட்டாறு பேராசிரியர்:

மயக்கம் பிடிக்காவிட்டால் அத்திரி என்று வையுங்கள். கோவேறு கழுதைக்குப் பழைய பெயர். கோவலன் கடலாடப் போனது அத்திரி ஏறித்தான். இரண்டு இனம் கூடிப் பிறந்ததற்குக் கலப்பு என்ற சொல்லே ஒட்டாத தனிப்பெயர் அன்றே இருந்திருக்கிறது. மாசுண அத்திரி. சொல்லிப் பாருங்கள், வாய்க்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது!

தக்கலை விலங்கியல் ஆசிரியர்:

ஐயா, வாய்க்கு நன்றாகத்தான் இருக்கிறது, பொருள் கவிழ்ந்துவிடும். அத்திரி மலடு, அதன் கதை அதோடு முடிந்துவிடும். இந்த மலைப்பாம்புக் கலப்புகள் பெரும்பாலும் மலடு இல்லை. ஆங்க்ரி பாலைத் திரும்பப் பந்தோடு சேர்த்து, அதன் பிள்ளையைத் திரும்பப் பந்தோடு சேர்த்தால், சில தலைமுறையில் கண்ணுக்குப் பந்தாகவே தெரியும். சீட்டில் எழுதாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. அரிய இனத்தைக் கூண்டில் காப்பாற்றுகிறோம் என்கிறவர்கள் பயப்படுவது இதற்குத்தான். பயம் நியாயமானது என்பதே என் கட்சி. "எழுதித்தான் விற்கிறோம்" என்ற பேச்சு, பாம்பு இரண்டாவது கை மாறும் வரைக்கும்தான்.

டீச்சருக்கு இன்னொரு சிக்கல். நம் மலைப்பாம்பும் பர்மியதும் ரொம்ப நாள் ஒரே இனத்தின் இரண்டு உள்ளினங்கள். 2009-இல் பர்மியதைத் தனி இனமாக்கினார்கள். இந்த இரண்டும் சேர்ந்து பிறந்த ஒரு பாம்பு 2008-இல் உங்கள் இரண்டாவது சொல்லுக்குள் இருந்தது, 2010-இல் முதல் சொல்லுக்குள் வந்துவிட்டது. பாம்பு அதே கூண்டில்தான் கிடந்தது. புளோரிடாவில் பெருகிக் கிடக்கும் பர்மியப் பாம்புகளில் ஏறக்குறைய 400-இன் மரபணுவைப் பார்த்ததில் 13-இல் இந்திய மலைப்பாம்பின் தடயம் இருந்ததாக 2018-இல் ஆய்வு வந்தது. 2017-இல் நம் இருளர் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் போய்ப் பிடித்துக் கொடுத்தது அந்தக் கூட்டத்தில்தான். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. தட்டியில் இடம் இருந்தால் அவர்கள் பெயரைப் போடுங்கள், சொல்லைவிட அது முக்கியம்.

ஒரு வேண்டுகோள். எதிர்ப்பக்கத்துக்கு "தூய இனம்" என்று மட்டும் எழுதாதீர்கள். கலப்பு, தூய்மை இரண்டும் நம் ஊரில் பாம்போடு நிற்கிற சொற்கள் இல்லை. "கலவாத வழி" போதும்.

மார்த்தாண்டம் நர்சரி அண்ணாச்சி:

வழி என்றதும் ஒரு சந்தேகம். தென்னையில் நெட்டை குட்டை என்றால் முதலில் சொல்வது தாய் மரம். பாம்பில் எப்படி?

தக்கலை விலங்கியல் ஆசிரியர்:

விலங்கில் தகப்பன் பெயரை முதலில் எழுதுவதுதான் வழக்கம். செடியில் தாய்.

மார்த்தாண்டம் நர்சரி அண்ணாச்சி:

அப்போ தென்னை மருமக்கள் வழி, பாம்பு மக்கள் வழி. நாஞ்சில் நாட்டில் இதுக்கு வழக்கே நடந்திருக்கும்.

குலசேகரம் டீச்சர்:

இன்று வியாழன். அச்சகத்திலிருந்து போன் வந்துவிட்டது. நான் முடித்துவிட்டேன். இரண்டு இனம் சேர்ந்தது இனக்கலப்பு. உள்ளினங்கள் சேர்ந்தது உள்ளினக் கலப்பு. நிறத்துக்காகச் சேர்த்தது நிறவகைச் சேர்க்கை. எதிர்ப்பக்கம் கலவாத வழி. நம்மூர் மலைப்பாம்பு 1972 வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணை என்பதால் வீட்டில் வளர்க்கக் கூடாது என்றும், வெளிநாட்டு மலைப்பாம்புகளும் 2022 திருத்தத்தால் சட்டத்துக்குள் வந்துவிட்டன, பதிவு செய்யாமல் வைத்திருக்க முடியாது என்றும் கீழே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறேன். இருளர் இருவரும் தட்டியில் இருக்கிறார்கள். யாருக்காவது மறுப்பா?

கருங்கல் தம்பி, ஜெர்மனியிலிருந்து:

மறுப்பு இல்லை. முதலிரண்டும் கூட்டத்தில் கேட்டால் ஒன்று போலத்தான் காதில் விழும். பரவாயில்லை.

தக்கலை விலங்கியல் ஆசிரியர்:

சரி.

கோட்டாறு பேராசிரியர்:

மூன்று பேர் சரி என்றால் சரிதான், அச்சகம் இலக்கணத்துக்காகக் காத்திருக்காது. மயங்கினத்தை நான் விடவில்லை, அடுத்த பதிப்பில் பார்க்கலாம். ஆனால் கோப்பில் ஆறாவது தட்டியைப் பார்த்தேன். முட்டையிலிருந்து வெளிவந்ததை "குட்டி" என்று எழுதியிருக்கிறீர்கள். தொல்காப்பியத்து மரபியலில் பறப்பவற்றின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என்று சொல்லி, தவழ்பவையும் அப்படியே என்கிறது. மலைப்பாம்புப் பார்ப்பு, அல்லது மலைப்பாம்புப் பிள்ளை. இதில் கருத்து வேறுபாட்டுக்கே இடமில்லை.

மார்த்தாண்டம் நர்சரி அண்ணாச்சி:

ஐயா, நாஞ்சில் நாட்டில் "மலைப்பாம்புப் பிள்ளை" என்று தட்டி வைத்துவிட்டு டீச்சர் ஊருக்குள் நடக்க வேண்டாமா?

குலசேகரம் டீச்சர்:

குட்டி குட்டியாகவே இருக்கும். கோப்பு போய்விட்டது.

கோட்டாறு பேராசிரியர்:

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.