இரண்டாம் வகுப்பில் மூன்று மொழி, என்ன செய்யலாம்?

கேள்வி:
மார்த்தாண்டம் பக்கம் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். 24 பிள்ளைகள். ஐந்து பேர் வீட்டில் மலையாளம். செங்கல் சூளைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு இந்தி. நேற்று ‘ஊருக்குள் வெள்ளம் வந்தது’ என்று வாசித்தபோது ஒருத்தி குழாயைக் காட்டினாள். மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அப்புறம் அவள் வாயே திறக்கவில்லை. எனக்கு மனசே ஆறவில்லை. பயிற்சியிலும் இதைப் பற்றி யாரும் பேசவில்லை.

பதில் 1 (களியக்காவிளை):
டீச்சர், அவள் சொன்னது தப்பே இல்லை. மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர்தானே! தண்ணீர், வெள்ளம், பானி மூன்றையும் பலகையில் எழுதுங்கள். அவளையே விளக்கச் சொல்லுங்கள்.

பதில் 2:
கதையை முதலில் வீட்டு மொழியில் சொல்லட்டும், பிறகு தமிழில். ஆனால் இதை நீங்கள் மட்டும் சுமக்க வேண்டியதில்லை. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் கேளுங்கள். எர்ணாகுளத்தில் 2017இல் தொடங்கிய ரோஷ்னி திட்டத்தில், வெளிமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு, அவர்கள் மொழி தெரிந்த தன்னார்வலர்கள் வகுப்பில் உதவினார்கள்.

கேட்டவர்:
நன்றி சார். இன்று எழுதினேன். ‘பானி’ என்று இந்தி பேசும் பையன் சொன்னதும் வகுப்பே திருப்பிச் சொன்னது. இடைவேளையில் அவள் வந்து, “டீச்சர், மரச்சீனியை (மரவள்ளிக்கிழங்கு) அவன் என்ன சொல்வான்?” என்று கேட்டாள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள், நாளைக்கு வேண்டும்.