ஜெய்சல்மேர் கோட்டைக்குள்ள தங்கலாமா, கூடாதா?

கடலடி:
வாடைக் காத்துத் தொடங்கினால் திருகோணமலை உப்புவெளியில விடுதி நடத்துற எங்களுக்கு வேலை இல்லை, புறாத்தீவுக்குப் படகும் ஓடாது. ராஜஸ்தானில ஜெய்சல்மேருக்கு அப்பதான் சீசன். இந்த முறை ரூம் சாவியளைத் தம்பியிட்டக் குடுத்திட்டு டெல்லி போய், அங்கயிருந்து இரவு ரயில் ஏறினன். விடியப் பார்த்தால் மணலும் முள்ளுப் பத்தையும்தான். கனநேரத்துக்குப் பிறகு தூரத்தில மஞ்சளா ஒரு மலை. கிட்டப் போகத்தான் பாதி மலை, பாதி மதில் எண்டு விளங்கிச்சு. ராவல் ஜெய்சல் எண்ட ராஜபுத்திர அரசன் 1156இல தொடங்கின கோட்டை. 99 கொத்தளம், அதாவது மதிலில புடைச்சு நிக்கிற காவல் அரண். அது நிக்கிற குன்றுக்குப் பேர் திரிகூடம். எங்கட ஊர்ப் பேர் மாதிரியே கிடக்கு, திருகோணமலைக்காரன் அதைக் கேட்டிட்டுச் சும்மா இருக்கேலுமே?

உள்ளுக்க இன்னும் சனம் குடியிருக்கு. ஒழுங்கையில மாடு குறுக்க நிக்கும், ஜைனக் கோயில் வாசலில செருப்புக் குவிஞ்சு கிடக்கும். எங்கட ஊர் பிரெட்ரிக் கோட்டைக்க ஆமியும் மானும்தானே. போறவை ஒரு இரவாவது கோட்டைக்குள்ள தங்கோணும்.

கன்னியாக்காரன்:
அண்ணை, கடலை விட்டிட்டு மணல் பார்க்கப் போனனியளோ? எல்லாம் சினிமா குடுத்த பேர். வங்காள இயக்குநர் சத்யஜித் ரே 1974இல அங்க ‘சோனார் கெல்லா’ படம் எடுத்தார், வங்காளச் சனம் படையெடுத்திச்சு. அவ்வளவுதான்.

கடலடி:
தம்பி, படம் வந்தது நேற்று. அந்த ஊர் ஒட்டகப் பாதையில பிழைச்ச ஊர். சிந்துப் பக்கம் போற பட்டும் அபினும் அதுக்குள்ளாலதான் போச்சு. 1805இல பட்வா எண்ட வியாபாரக் குடும்பம் தொடங்கின ஐஞ்சு மாளிகை இப்பவும் நிக்குது. ஜன்னல் வேலைப்பாட்டைப் பார்த்தால் கல்லோ மரமோ எண்டு தொட்டுப் பார்க்கச் சொல்லும். பிறகு பம்பாய்த் துறைமுகம் பெருத்தது, வியாபாரம் அங்கால போட்டுது. 1947இல பாகிஸ்தான் எல்லை விழ, மிச்சமிருந்த பாதையும் மூடுப்பட்டுது. காசு போனதாலதான் பழசை இடிச்சுப் புதுசு கட்ட ஒருத்தரும் இல்லை. அந்த வடிவு மிஞ்சினதே வறுமையாலதான் எண்டு நான் சொல்லுவன்.

மூதூரான்:
துறைமுகத்தால படுத்த ஊர் அது. இவ்வளவு பெரிய துறைமுகத்தை வச்சுக்கொண்டு நாங்க படுத்திருக்கிறம். அதைப் பற்றியும் ஆராவது கதைங்கோ.

வரைபடம்:
நானா, அது வேற கதை. நான் கட்டட வேலைக்காரன், முதல் பதிவின்ர கடைசி வரிதான் எனக்குப் பிரச்சினை. கோட்டைக்குள்ள தங்கச் சொல்லி எழுதாதையுங்கோ. வருசத்துக்கு 20 சென்ரிமீற்றர் மழையும் ஒழுங்காப் பெய்யாத இடம் அது. 14ஆம் நூற்றாண்டில வெட்டின கடிசர் குளத்தில மழைத்தண்ணியைத் தேக்கி, குடத்தில சுமந்துதான் சனம் சீவிச்சது. சுமந்து வந்த தண்ணியை ஆரும் சும்மா ஊத்தாயினம். பைப் வந்தது, பிறகு விருந்தினர் விடுதி வந்தது, அறைக்கு அறை குளியலறை வந்தது. கழிவுக் குழாயும் ஒழுக்கு. குன்றுக்கு அடியில களியும் மெதுக்கல்லும். தண்ணி இறங்க அது ஊதும், இளகும், மேல நிக்கிற மதில் சரியும். கொத்தளங்கள் உடைஞ்சு விழுந்திருக்கு. 1998இல உலக நினைவுச்சின்ன நிதியம் ஆபத்திலுள்ள இடங்களின்ர பட்டியலில போட்டது. 2013இல யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டம் குடுத்தது. பட்டம் குடுத்தால் களி காயுமே?

கடலடி:
அப்ப சனத்தை வெளிய அனுப்புவமா? கோணேசர் கோயிலை இடிச்ச கல்லை வச்சுப் போர்த்துக்கேயர் எங்கட பிரெட்ரிக் கோட்டையைக் கட்டினது 1624இல. அதுக்க இண்டைக்கு ஆர் குடியிருக்கினம்? குடியில்லாத கோட்டை எப்பிடி இருக்குமெண்டு எங்களுக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை.

வரைபடம்:
குடியிருக்கிறவையை ஆர் போகச் சொன்னது? குடும்பம் இருக்கட்டும், அவையின்ர குழாயைத் திருத்திக் குடுக்கட்டும். வந்து போற நீங்களும் நானும் மதிலுக்கு வெளியால படுத்தால் என்ன குறையும்? ஒளிக்காமச் சொல்லுங்கோ, ஒரு நாளைக்கு எத்தினை தரம் குளிச்சனியள்?

கடலடி:
ரெண்டு. புழுதி அப்பிடி.

சரி, ஒண்டு சொல்லுறன். முதல் எழுதேல்லை. என்ர அறையில குளியலறைப் பக்கச் சுவர் முழங்கால் உயரத்துக்கு நிறம் மாறி இருந்தது. விரலை வச்சன், குளிர். எடுத்தால் மஞ்சள் மா ஒட்டியிருந்தது. அரிசிமா மாதிரி, அவ்வளவு மெது. முதலாளிப் பெடியனிட்டக் காட்டினன். சிரிச்சுப்போட்டு அடுத்த கிழமை பூசுவம் எண்டான். அவனுக்கும் அந்த ஆறு அறைதான் சோறு. எனக்குத் தெரியும், நானும் அதே தொழில்தானே.

கன்னியாக்காரன்:
இப்ப எனக்கே போய்ப் பார்க்க ஆசை வந்திட்டுது, கடவுளே. மதில் நிக்கிற காலத்தில போகோணும்.

வரைபடம்:
போங்கோ தம்பி. வெளியால தங்கி, விடியக் காலமை ஏறுங்கோ.

கடலடி:
கடிசர் குளத்துப் பக்கம் நல்ல இடங்கள் இருக்கு, மொட்டைமாடியில நிண்டால் கோட்டை முழுசாத் தெரியும். சனவரியில போர்வை கொண்டு போ. பாலைவனமெண்டு வெறுஞ் சேட்டோட போய் நான் நடுங்கினது காணும்.