சிலோனிலிருந்து திரும்பி வந்தவர்கள்: நம் வீட்டுக் கதைகளை இங்கே எழுதுவோம்

கோவையிலிருந்து:

பெண் இறந்தால் பிறந்த வீட்டுக் கோடி வர வேண்டும். என் அம்மாயியின் (அம்மாவைப் பெற்றவர்) அண்ணன் தம்பிகள் எல்லோரும் இலங்கையில், தலவாக்கலைப் பக்கத் தோட்டங்களிலேயே இருந்துவிட்டவர்கள். போன தை மாதம் பந்தலூர் பக்கத்தில் அம்மாயி கண்ணை மூடியபோது, கோடிச் சேலையோடு வந்து நின்றவர் 1975-ல் அவரோடு ஒரே கப்பலில் வந்து இறங்கிய ஒருவரின் மகன். இரத்த உறவு கிடையாது. சாதியும் வேறு. "எங்கப்பா இருந்தா அவருதான் கொண்டாந்திருப்பாரு, அதான் நான் வந்தேன்" என்றார். யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. எங்கள் குடும்பம் எப்படிப் பிழைத்தது என்று யாராவது கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன்.

இளையவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. வெள்ளைக்காரன் காலத்தில் திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரைப் பக்கமிருந்து தோட்ட வேலைக்காக இலங்கை மலையகத்துக்குப் போனவர்கள் நம் முன்னோர். சுதந்திரம் கிடைத்த 1948-லேயே இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-ல் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர் என்று கணக்கு. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரை 1974-ல் இந்திரா காந்தி காலத்தில் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இத்தனை லட்சம் பேரைப் பங்கு போட்டவர்கள் ஒரு லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) வாசலில் வந்து உட்கார்ந்து "உங்களுக்கு என்ன வேண்டும்" என்று கேட்கவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

எங்கள் தாத்தா இந்தியாவுக்கு மனுப் போட்டார். 1973, 74-ல் தோட்டங்களில் பஞ்சம். கோதுமை மாவுக்கு விடியற்காலையிலிருந்து வரிசை, அதுவும் கிடைக்காத நாள் மரவள்ளிக்கிழங்கு. "இங்க இருந்தா பிள்ளைங்க தங்காது" என்பதுதான் தாத்தாவுடைய ஒரே நியாயம். ஆனால் பெரியம்மாவுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் இலங்கைக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். கண்டியில் இந்திய அலுவலகத்தில் கொடுத்த ஃபேமிலி கார்டில் தாத்தா, அம்மாயி, மூன்று பிள்ளைகள் பேர் இருந்தது, பெரியம்மா பேர் இல்லை. அந்தக் கார்டை அம்மாயி கடைசி வரை ரேஷன் கார்டோடும் ஆதாரோடும் ஒரே பிளாஸ்டிக் பையில் வைத்திருந்தார்.

அட்டனில் கோச்சி (ரயில்) ஏறி, தலைமன்னார் போய், கப்பலில் ராமேஸ்வரம். அப்புறம் மண்டபம் முகாம். ஒரு காலத்தில் தோட்டத்துக்குப் போகிறவர்களை நோய் இருக்கிறதா என்று நிறுத்திவைத்துப் பார்த்த முகாம்தான் அது. அங்கே பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுத்தவர்கள்தான் பிறகு எங்களுக்குச் சித்தப்பா, மாமா எல்லாம் ஆனார்கள்.

தாயகம் திரும்பியோருக்காக நீலகிரியில் 1968-லிருந்தே அரசு காட்டைத் திருத்தித் தேயிலை போட்டுக்கொண்டிருந்தது. கொழுந்து எடுக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எங்கள் ஆட்கள் நினைத்தார்கள். செடியே இனிமேல்தான் நட வேண்டும் என்பது வந்த பிறகுதான் தெரிந்தது. நட்டு மூன்று நான்கு வருடம் போனால்தான் முதல் கொழுந்து. அதுவரை காடு வெட்டு, குழி வெட்டு, நாற்றங்காலில் பாலிதீன் பைக்கு மண் நிரப்புவது. தங்குவதற்குத் தகரக் கொட்டகை. மழையும் அட்டையும் போக, ராத்திரியில் யானை வேறு.

வந்த மூன்றாம் வருடம் தாத்தா காய்ச்சலில் போய்விட்டார். அம்மாயிக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அந்தக் கொட்டகையில் இருந்த குடும்பங்கள் அன்றைக்கு ஓர் ஏற்பாடு செய்தன. ஒரு பெண் வீட்டில் இருந்து எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வாள். மற்றவர்கள் வேலைக்குப் போவார்கள். சம்பள நாளில் ஒவ்வொருவரும் அவளுக்கு ஒரு பங்கு எடுத்துவைத்துவிட்டுத்தான் மளிகைக் கடைக்குப் போவார்கள். யாருக்குப் பிரசவம், யாருக்குச் சடங்கு என்று பார்த்து அந்த மாதச் சீட்டுப் பணம் அந்த வீட்டுக்கு. எழுதிவைத்த கணக்கு எதுவும் இல்லை. என் அம்மா அப்படித்தான் பத்தாவது வரை படித்தார், அங்கன்வாடி வேலைக்குப் போனார், நான் ஆசிரியர் ஆனேன்.

அம்மாயிக்கு எண்ணெய் தேய்த்துவிட்டது ஞாபகம் இருக்கிறது. கூடைக் கயிறு அழுத்தி அழுத்தி உச்சந்தலையில் விரல் அகலத்துக்கு முடியே முளைக்காது. கை அந்த இடத்துக்குப் போனதும் "அது சிலோன்ல விழுந்த வகிடு, இங்க வந்து ஆழமாயிருச்சு" என்பார். தோட்டத்தில் வேலை செய்த பாட்டிகள் உள்ள வீட்டில் இதைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள்.

உங்கள் வீட்டில், அல்லது நீங்கள் சந்தித்தவர்களில் யாராவது இருந்தால் எழுதுங்கள்.


கூடலூர், ஓய்வுபெற்ற தபால்காரர்:

அம்மா, நான் சிலோன்காரன் இல்லை. ஆனால் உங்கள் சனங்களோடுதான் என் சர்வீஸ் முழுக்கப் போனது. நீல நிற ஏரோகிராம் வந்தால் லயனில் சைக்கிளைச் சாத்திவிட்டு உட்கார்ந்துவிடுவேன். பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. நானே படித்துக் காட்டி, பதிலும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

1983 ஜூலைக் கலவரத்துக்கு அப்புறம் கடிதம் நின்றுபோனது. வானொலியில் செய்தி வருகிறது, கடிதம் வரவில்லை. வேலை முடிந்து சாயங்காலம் இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கோடு பெண்கள் தபாலாபீஸ் வாசலில் வந்து நிற்பார்கள். "இல்லைம்மா" என்று சொல்லிச் சொல்லி எனக்கே அந்த வாசலைத் தாண்டப் பயமாக இருக்கும்.

அவர்களில் ஒரு பாட்டியின் மகன் பதுளையில் தையற்கடை வைத்திருந்தார். தீபாவளி நெருங்குகிற நேரத்தில் ஒருவழியாக அவரிடமிருந்து கடிதம் வந்தது. கடை எரிந்துவிட்டது, பிள்ளைகளோடு முகாமில் இருக்கிறோம், தையல் மெஷினை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தேன், அதை விற்றுவிட்டு வவுனியா பக்கம் போகலாம் என்று இருக்கிறோம் என்று எழுதியிருந்தார். படித்து முடித்தேன். பாட்டி அழவில்லை. "உக்காரு, எழுது" என்றார். மெஷினை விற்காதே. வவுனியாவில் இன்ன தோட்டத்திலிருந்து 77 கலவரத்திலேயே போன இன்னார் இருக்கிறார், போய் என் பேரைச் சொல். மூத்த பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தாதே. சின்னவளுக்குச் சளி பிடித்தால் கற்பூரவள்ளி. இப்படியே இண்டு இடுக்கில்லாமல் எழுத வைத்தார். நான் நடுவில், "நீங்க அழுதுக்கிட்டு இருக்கிறதா ஒரு வரி போடட்டுமா பாட்டி, அவருக்கும் ஆறுதலா இருக்கும்" என்றேன். "அதுக்கு எடம் இல்லப்பா, மருந்து ரெண்டு விட்டுப் போச்சு, அதை எழுது" என்றார்.

கடிதத்தை ஒட்டி என் கையில் கொடுத்த பிறகுதான் திண்ணையில் சாய்ந்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் அன்று ராத்திரி அவரைத் தனியாக விடவில்லை. அந்த மகன் மெஷினை விற்கவில்லை. வவுனியா முகவரியிலிருந்து அடுத்த கடிதம் வந்தபோது அதைப் படித்துக் காட்டியவனும் நான்தான்.


கொடைக்கானல் மலையடிவாரத்திலிருந்து:

இரண்டு பதிவும் படித்தேன். நல்லபடியாக ஒட்டிக்கொண்ட குடும்பங்களைப் பற்றி மட்டும் எழுதிவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

என் அப்பாவுக்குத் தோட்ட வேலை கிடைக்கவில்லை. வியாபாரக் கடன் என்று ஐயாயிரம் ரூபாய். பிறந்ததிலிருந்து கொழுந்தும் கவ்வாத்தும் தவிர வேறு எதுவும் தெரியாத மனிதர், முன்பின் தெரியாத ஊரில் என்ன வியாபாரம் செய்வார்? தரகர் ஒருவர் கூடவே வந்து கையெழுத்துப் போடச் சொன்னார். கைக்கு வந்தது பாதிகூட இல்லை, அதுவும் அரிசிக்கே போய்விட்டது. அப்புறம் ஒரு கான்ட்ராக்டர் முன்பணம் கொடுத்துக் குடும்பத்தோடு மலைக்குக் கூட்டிப் போனார், சீகை மரம் வெட்டிப் பட்டை உரிக்க. அந்த முன்பணம் கழியவே இல்லை. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. எங்களுக்கு அது தெரிய எண்பதுகளின் நடுப்பகுதி ஆனது. சில இளைஞர்கள் காட்டுக்குள் நடந்து வந்து ஒவ்வொரு குடிசையாக உட்கார்ந்து கேட்டார்கள், பிறகு அதிகாரிகள் வந்தார்கள், வெளியே வந்தோம்.

அப்பா அதற்குப் பிறகு பழைய மனிதராகவில்லை. குடித்தார், அம்மாவை அடித்தார், கடைசியில் எங்கோ போய்விட்டார். எங்களை வளர்த்தது அம்மா. அப்பாவை நான் வெறுத்ததில்லை, ஆனால் அம்மா பட்டதற்குப் "பொறுமை" என்று பேர் வைக்கிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. அவருக்கு வேறு வழி இருந்திருக்க வேண்டும். எங்கள் குடிசை வரிசையில் இருந்த ஓர் அக்கா, அப்பா கை ஓங்குகிற சத்தம் கேட்டால் அரிவாளோடு வாசலில் வந்து உட்கார்ந்து மீன் நறுக்க ஆரம்பிப்பார். மீன் இல்லாத நாளிலும் உட்காருவார். அவரை நான் இன்றைக்கும் அம்மா என்றுதான் கூப்பிடுகிறேன்.


அட்டனிலிருந்து:

நாங்கள் போகாதவர்கள். சரியாகச் சொன்னால், போக முடியாதவர்கள். தாத்தாவுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. சேமலாப நிதி (பி.எஃப்.) காசு கைக்கு வரட்டும் என்று காத்திருந்தோம். 82-ல் அத்தையும் மாமாவும் முதலில் போனார்கள். 84-ல் யுத்தம் காரணமாகக் கப்பல் நின்றது, எங்கள் பயணமும் நின்றது. அதன் பிறகு பாஸ்போர்ட் காலாவதியாகி, இந்த நாட்டு அடையாள அட்டையும் இல்லாமல் அப்பா காலம் தள்ளினார். அட்டை இல்லாமல் பேங்கில் கணக்குத் திறக்க முடியாது. யுத்த நேரத்தில் கொழும்புக்குப் போய்ச் செக்கிங்கில் மாட்டினால் பொலிஸில் வைத்துவிடுவார்கள். அப்பா கொழும்புக் கடையில் கிடைத்த வேலையை இதனாலேயே விட்டார். 2003-ல் சட்டம் வந்து பிரஜாவுரிமை கிடைத்தபோது அவருக்குத் தலை நரைத்திருந்தது.

அத்தையை ஃபேஸ்புக்கில்தான் கண்டுபிடித்தோம். அவர் மகள் கோத்தகிரியில் இருக்கிறார். 2023 அக்டோபரில் நாகப்பட்டினம், காங்கேசன்துறைக் கப்பல் தொடங்கியது தெரிந்ததும் அத்தை வந்தே தீருவேன் என்று நின்றார். மறு வருடம் வந்தார்.

கட்டிப்பிடித்து அழுத வீடியோ எல்லாம் இருக்கிறது. ஆனால் நான் எழுத நினைத்தது அதற்கு அடுத்த நாள் நடந்தது. போகும்போது சுங்கத்தில் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்து அத்தை தன் அட்டியலை அப்பாவிடம் விட்டுப் போயிருக்கிறார். அது என்ன ஆச்சு என்று கேட்டார். நாற்பது வருடமாக மனசில் வைத்திருந்த கேள்வி. "அண்ணன் ஏமாத்திட்டான்" என்று மாமா வீட்டில் எத்தனை பேச்சுக் கேட்டிருக்கிறாரோ! அப்பா உள்ளே போய் ஒரு பழைய அடகுக் கடைத் துண்டை எடுத்து வந்தார். 83 ஆவணி மாதத் தேதி. லயத்தை எரித்த பிறகு காட்டில் ஒளிந்திருந்து திரும்பிய வாரம். மீட்க முடியவில்லை, மூழ்கிவிட்டது. அதை எழுதி அனுப்ப வெட்கப்பட்டு, அப்புறம் கடிதம் போடுவதையே அப்பா விட்டிருக்கிறார்.

அத்தை அன்று முழுக்கப் பேசவில்லை. சித்தி வீட்டில் போய்ச் சாப்பிட்டார். எங்களுக்கெல்லாம் வயிறு கலங்கியது. பிறகு காலையில் தேத்தண்ணி குடிக்கும்போது அவரே சொன்னார்: "பிள்ளைங்க பசிக்கு வச்ச நகதானே. எங்கிட்ட இருந்திருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன். ஆனா ஒரு வரி எழுதியிருக்கணும்ண்ணே நீ." அப்பா "எழுதியிருக்கணும்" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகுதான் இரண்டு பேரும் உண்மையாகப் பேச ஆரம்பித்தார்கள்.


கோவையிலிருந்து:

கொடைக்கானல் சகோதரர் சொன்னது சரி. தாங்கிக்கொண்டவர்களைப் புகழ்வதோடு நாம் நிறுத்திவிடக் கூடாது. அப்படியான கதைகளையும் தயங்காமல் எழுதுங்கள். பெயர் போட வேண்டியதில்லை.

உறவினரைத் தேடுகிறவர்களுக்கு: தோட்டத்துக்கு ஆங்கிலப் பேர் ஒன்று, நம் ஆட்கள் கூப்பிட்ட பேர் ஒன்று இருக்கும். இரண்டையும் எழுதுங்கள். எந்த டிவிஷன், கங்காணி பேர், தோட்டத்துக் கோயிலில் எந்த மாதம் திருவிழா, கப்பல் ஏறிய வருடம், இவை தெரிந்தால் அங்கே இருக்கிறவர்களால் ஆளைப் பிடிக்க முடிகிறது. ஃபேமிலி கார்டு, பாஸ்போர்ட் படங்களைப் பொதுவில் போடாதீர்கள். கேட்பவருக்குத் தனியாக அனுப்புங்கள்.

அட்டன் தம்பி, என் பெரியம்மா கல்யாணமாகிப் போன தோட்டம் தலவாக்கலையிலிருந்து நானுஓயா போகிற பாதையில் என்று அம்மா சொல்கிறார். 83-க்குப் பிறகு கடிதம் இல்லை. விவரத்தை உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன், முடிந்தபோது பார்த்துச் சொல்லுங்கள்.