பொம்போலோனி உள்ளே வேகவே இல்லை, யாராவது வழி சொல்லுங்கள்

நண்பர்களே, ஒரு உதவி. இத்தாலியில் டஸ்கனி பக்கம் பொம்போலோனி என்று ஒரு டோனட் உண்டு, நடுவில் ஓட்டை இருக்காது, பொரித்ததும் சர்க்கரையில் புரட்டி உள்ளே கஸ்டர்ட் நிரப்புவார்கள். (மார்ச் 19, புனித சூசையப்பர் திருநாளுக்கு நேபிள்ஸில் செய்யும் செப்போலே வேறு, அதற்கு ஈஸ்ட் கிடையாது, மாவை அடுப்பில் கிளறிவிட்டு முட்டை சேர்ப்பார்கள்.)

இரண்டு முறை செய்தேன், இரண்டும் சொதப்பல். நான் போட்டது 500 கிராம் மைதா, 200 மில்லி பால், 2 முட்டை, 80 கிராம் சர்க்கரை, 60 கிராம் வெண்ணெய், 7 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், கொஞ்சம் எலுமிச்சைத் தோல் துருவல். மாவு நன்றாகத்தான் உப்பியது, ஆனால் முதல் முறை வெளியே ஒரே நிமிஷத்தில் கருத்துப்போய் உள்ளே பச்சை மாவு, சரி என்று அடுத்த முறை தீயைக் குறைத்தால் எண்ணெயைக் குடித்துவிட்டுச் சப்பையாகக் கிடக்கிறது.

எண்ணெய் 170 டிகிரி வாக்கில் இருக்க வேண்டும் என்று தெரியும், ஆனால் என்னிடம் தெர்மாமீட்டர் இல்லை. மாவுத் துணுக்கைப் போட்டுப் பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா? அப்புறம், அங்கே மனிடோபா என்று புரதம் அதிகமுள்ள மாவு சேர்க்கிறார்கள், நம் மைதாவுக்கு 200 மில்லி பால் அதிகமோ? மாவை இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்துச் செய்தவர்கள் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை மறுபடி செய்யப்போகிறேன், வீட்டில் ஏற்கெனவே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.