டென்னிசனின் அந்த வரி ஆறுதல் தருகிறதா?

கேள்வி:
ஆங்கிலக் கவிஞர் டென்னிசன், இறந்துபோன தம் நண்பரின் நினைவாக எழுதி 1850இல் வெளியிட்ட ‘இன் மெமோரியம்’ என்னும் நெடுங்கவிதையை இப்போதுதான் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். அன்பே செலுத்தாமல் இருப்பதைவிட, அன்பு செலுத்தி இழப்பதே மேல் என்று அதில் வரும் வரியை, சென்ற ஆண்டு என் தோழி இறந்தபோது பலர் எனக்கு எழுதி அனுப்பினார்கள். அது என்னைத் தேற்றவில்லை. நண்பரைப் பறிகொடுத்த ஒருவரால் அதை இவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்ல முடிந்தது?

மறுமொழி 1:
தங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். முன்னுரையும் முடிவுரையும் நீங்கலாக 131 பகுதிகள் கொண்ட அந்தக் கவிதையில், தாங்கள் சொல்லும் வரி 27ஆம் பகுதியிலேயே வந்துவிடுகிறது. பெரிய ஐயங்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான் எழுகின்றன. 54ஆம் பகுதியில் இருளில் ஒளி கேட்டு அழும் குழந்தையாகத் தம்மைக் காணும் கவிஞர், 56ஆம் பகுதியில், பாறைகளில் தடம் மட்டும் விட்டு அழிந்துபோன உயிரினங்களை எண்ணி, மனிதனுக்கும் இதே முடிவுதானோ என்று நடுங்குகிறார். கவிதை வெளியானபோது, உயிரினங்களின் தோற்றம் பற்றிய டார்வினின் நூல் வெளிவர இன்னும் 9 ஆண்டுகள் இருந்தன. இவ்வளவையும் கடந்த பின், 85ஆம் பகுதியில் அந்த வரியை அவரே மறுபடியும் சொல்கிறார். முதல் முறை அது வெறும் சூளுரை என்றே எனக்குத் தோன்றுகிறது. இரண்டாம் முறை அதற்குரிய விலையைக் கொடுத்துவிட்டுச் சொல்கிறார்.

மறுமொழி 2:
7ஆம் பகுதியையும் 119ஆம் பகுதியையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். டென்னிசனின் நண்பர் ஆர்தர் ஹாலம் 1833 செப்டம்பரில் வியன்னாவில் திடீரென இறந்தபோது ஹாலமுக்கு வயது 22. 7ஆம் பகுதியில், உறக்கம் வராத டென்னிசன் விடியற்காலைத் தூறலில் லண்டன் விம்போல் தெருவிலுள்ள நண்பரின் வீட்டு வாசலில், இனிப் பற்ற முடியாத கையை நினைத்து நிற்கிறார். 119ஆம் பகுதியிலும் அதே வாசல், அதே அதிகாலை; ஆனால் இப்போது தெருவில் புல்வெளியின் மணம் வருகிறது, பறவை ஒலி கேட்கிறது, பெருமூச்சு அவ்வளவாக இல்லாமலே நண்பரின் கையை மனத்துக்குள் பற்றிக்கொள்கிறார். நண்பர் திரும்பி வரவில்லை. அந்தத் தெருவுக்கு மீண்டும் வரும் வலிமை இவருக்கு வந்திருக்கிறது. கவிதை முழுவதையும் எழுதி முடிக்க அவருக்கு ஏறத்தாழ 17 ஆண்டுகள் ஆயின.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அந்த இரண்டு பகுதிகளையும் இன்று காலை வாய்விட்டுப் படித்தேன். என் தோழியின் வீடு இருக்கும் தெருவை நான் இன்னும் சுற்றிக்கொண்டுதான் போகிறேன். 8ஆம் பகுதியிலிருந்து இனி அவசரப்படாமல் படிக்கப் போகிறேன்.